நீதியும் ஒப்புரவும் பற்றிப் படிக்க நினைக்கும் திருகோணமலை ஆசிரியைக்கு

திருகோணமலையில் ஆசிரியையாக இருக்கிறேன், சமூகவியலில் பட்டம் இருக்கிறது, கிறிஸ்தவ அருட்பணியில் நீதியும் ஒப்புரவும் (முறிந்த உறவைச் சீராக்குவதும்) என்ற பட்டப்பின் படிப்பில் சேர நினைக்கிறேன், எங்கே படிக்கலாம், இந்த ஊரில் அதனால் என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் இன்னொரு வரியும் சேர்த்திருக்கிறீர்கள். 1990இல் கொண்டுபோகப்பட்ட சித்தப்பாவை இன்னமும் தேடிக்கொண்டிருக்கும் உங்கள் சித்தியிடம் சேர்ச்சில் மன்னித்துவிடுங்கள் என்று மட்டும்தான் சொல்கிறார்களாம். படிப்பிலும் அதைத்தானே சொல்லித் தரப்போகிறார்கள் என்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்பது அந்த வரியைத்தான் என்று எனக்குப் படுகிறது. இந்தப் படிப்பு அநீதியை மறக்கச் சொல்லும் படிப்பா, இல்லையா? அதற்குப் பதில் கிடைத்தால்தான் எந்தக் கல்லூரி என்ற பேச்சுக்கே அர்த்தம் இருக்கிறது. இறையியல் கல்லூரியில் பல வருடங்கள் அருட்பணியியல் கற்பித்தவன், கிழக்கில் ஊழியத்திலும் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நான் புரட்டஸ்தாந்துப் பக்கத்தவன். கத்தோலிக்கக் குருமடங்களுக்குள் இந்தப் பாடம் எப்படி நடக்கிறது என்பதை அங்கே படித்தவர்களிடம் கேளுங்கள்.

நேரடியாகச் சொன்னால், இல்லை. நல்ல இடத்தில் படித்தால் இந்தத் துறை உங்களுக்கு முதலில் கற்றுத்தருவது அதற்கு நேர் எதிரானதை. 1971இல் ரோமில் கூடிய கத்தோலிக்க ஆயர் மன்றம், நீதிக்காகச் செயல்படுவது நற்செய்தி அறிவிப்பின் உள்ளமைப்பிலேயே இருக்கும் ஒரு பகுதி என்று அறிவித்தது. 1985இல் தென்னாபிரிக்காவில் 150க்கும் மேற்பட்ட இறையியலாளரும் போதகர்களும் கையெழுத்திட்ட கைரோஸ் அறிக்கை இன்னும் கடுமையானது. நிறவெறி ஆட்சி நடந்துகொண்டிருக்கும்போதே இரு தரப்பும் சமாதானமாகுங்கள் என்று பிரசங்கித்த சபைகளைப் பார்த்து, நீதி இல்லாத இடத்தில் ஒப்புரவு பேசுவது அநீதிக்குத் துணைபோவதுதான் என்று அது சொன்னது. 2005இல் ஏதென்ஸில் உலகத் திருச்சபைகள் மன்றம் நடத்திய அருட்பணி மாநாட்டுக்குத் தலைப்பே குணமாக்குதலும் ஒப்புரவாக்குதலும்தான். அதற்குள் இந்தப் பேச்சு சபைகளின் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்துவிட்டது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தின் 5ஆம் அதிகாரம், ஒப்புரவாக்கும் ஊழியம் நமக்குத் தரப்பட்டிருக்கிறது என்கிற பகுதி, எல்லா வகுப்பிலும் முதல் வாரத்திலேயே வரும். அதோடு சேர்த்து, லூக்கா சுவிசேஷத்தில் வரும் வரி வசூலிப்பவன் சகேயுவையும் வாசிக்கச் சொல்லாத ஆசிரியரை நான் நம்பமாட்டேன். இயேசு அவன் வீட்டுக்கு முதலில் போனார் என்பது உண்மை. ஆனால் இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று சொன்னது, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று அவன் எழுந்து நின்று சொன்ன பிறகு.

தென்னாபிரிக்காவை இந்தப் படிப்பில் எல்லோரும் விரிவாகப் படிப்பார்கள். நீங்களும் படிப்பீர்கள். பேராயர் டெஸ்மண்ட் டுட்டு தலைமையில் 1996இல் அமர்வுகளைத் தொடங்கிய உண்மைக்கும் ஒப்புரவுக்குமான ஆணைக்குழுவைப் பற்றி நம் சபைகளில் பேசும்போது, அழுதார்கள், கட்டிப்பிடித்தார்கள், மன்னித்தார்கள் என்ற அளவில் நின்றுவிடுகிறார்கள். கணக்கையும் பார்க்க வேண்டும். பொதுமன்னிப்புக் கேட்டு 7,000க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன, கிடைத்தது 849 பேருக்கு. உண்மையை முழுவதும் சொல்ல வேண்டும், செயல் அரசியல் நோக்கத்தோடு நடந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளில் பெரும்பாலான விண்ணப்பங்கள் விழுந்துபோயின. ஆக, அது சும்மா கொடுத்த மன்னிப்பு இல்லை. மறுபக்கம், பாதிக்கப்பட்டவர்களுக்கு 6 ஆண்டுகள் தொடர்ந்து உதவித்தொகை கொடுக்க வேண்டும் என்று ஆணைக்குழு பரிந்துரைத்தது. 2003இல் அரசு ஆளுக்கு 30,000 ராண்ட் ஒரே தடவையாகக் கொடுத்து முடித்துக்கொண்டது. மன்னிப்புப் பெற்றவர் அன்றைக்கே விடுதலையாகிப் போக, சாட்சி சொன்ன தாய் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து குறைத்த தொகையை வாங்கினார். தென்னாபிரிக்கர்களில் பலர் இன்றும் கோபத்தோடு பேசுவது இதைப் பற்றித்தான். 1997 நவம்பரில் ஈஸ்ட் லண்டன் நகரில் மத அமைப்புகளுக்கென்று தனி அமர்வு நடந்ததையும் தேடிப் படியுங்கள். சபைகள் அங்கே சமாதானத் தூதுவராக வரவில்லை. நிறவெறியின்போது செய்ததையும் செய்யாமல் விட்டதையும் சொல்லி ஒப்புக்கொள்ள வந்தார்கள். நிறவெறிக்கு வேதத்திலிருந்து நியாயம் காட்டிய டச்சு சீர்திருத்தத் திருச்சபையும் வந்தது.

உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு. இனி, அறிஞர்களுக்குள்ளேயே தீராமல் இருக்கும் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் சித்தியின் கேள்வி அங்கேதான் இருக்கிறது. மனந்திரும்புதல் முதலா, மன்னிப்பு முதலா? கைரோஸ் வழியில் போகிறவர்கள் குற்றம் செய்தவன் திரும்பாமல் ஒப்புரவு இல்லை என்பார்கள். சிக்காகோவில் கற்பித்த கத்தோலிக்க இறையியலாளர் ராபர்ட் ஷ்ரைட்டர் வேறு மாதிரிச் சொன்னார். குற்றவாளி மனந்திரும்பும்வரை பாதிக்கப்பட்டவர் அவன் கையில் சிறைப்பட்டிருக்க வேண்டியதில்லை, கடவுள் முதலில் வேலை செய்வது பாதிக்கப்பட்டவரின் உள்ளத்தில் என்பது அவர் கருத்து. அதே நேரம், அவசரப்பட்டுச் செய்யும் சமாதானம் ஒப்புரவே ஆகாது என்றும் அவர் அழுத்தமாக எழுதினார். குரோஷியரான மிரோஸ்லாவ் வோல்ஃப் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி காட்டினார். தழுவிக்கொள்ளும் மனம் நிபந்தனை இல்லாமல் இருக்கலாம், ஆனால் தழுவுதல் நடக்க உண்மையும் நீதியும் வெளியே வந்தாக வேண்டும் என்றார். இந்த மூன்று தரப்பில் எதையும் சுலபமாகத் தள்ளிவிட முடியாது.

என் தீர்ப்பைக் கேட்டால், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் விஷயத்தில் இந்த விவாதமே கொஞ்சம் தடுமாறுகிறது என்பேன். மன்னிப்பதற்கு ஒரு ஆள் வேண்டும், ஒரு செயல் வேண்டும். கொண்டுபோனவன் யார், என்ன செய்தான், சித்தப்பா இருக்கிறாரா இல்லையா என்பதே தெரியாத ஒருவர் யாரை, எதற்காக மன்னிப்பது? அவருக்கு நடந்தது 1990இல் முடிந்துபோன சம்பவம் இல்லை, ஒவ்வொரு நாளும் நடந்துகொண்டிருப்பது. பிரசங்க பீடத்தில் நிற்பவருக்கு, அது நானாக இருந்தாலும், அவரிடம் மன்னிப்பைக் கேட்டு வாங்கும் உரிமை கிடையாது. அவராக ஒருநாள் மன்னித்தால் அது அவருக்கும் கடவுளுக்கும் நடுவில் நடப்பது. சபையின் வேலை அவரோடு சேர்ந்து எங்கே என்று கேட்பது. சங்கீதப் புத்தகத்தில் எத்தனையோ பாடல்கள் அந்தக் கேள்விதானே.

இன்னொன்றும் சந்தேகத்துக்குரியது. உண்மையைச் சொன்னால் மனம் ஆறிவிடும் என்று இந்தத் துறையில் நிறையப் பேர் அடித்துச் சொல்வார்கள். ருவண்டாவில் 1994 இனப்படுகொலைக்குப் பிறகு ககாசா என்ற ஊர்மன்றங்கள் 2012 வரை நடந்து, ஏறக்குறைய 19 இலட்சம் வழக்குகளை விசாரித்தன. நிறைய உண்மை வெளியே வந்தது, புதைத்த இடங்கள் தெரியவந்தன. ஆனால் அங்கே சாட்சி சொன்ன பெண்களிடம் மனவேதனை குறையாமல் கூடியிருந்ததைக் கண்ட ஆய்வுகளும் உண்டு. நியாமட்டா, ந்தராமா போன்ற இடங்களில் மக்கள் அடைக்கலம் தேடி ஓடிய தேவாலயங்களுக்குள்ளேயே கொல்லப்பட்டார்கள் என்பதையும், 2017இல் பாப்பரசர் பிரான்சிஸ் திருச்சபையினரின் பாவங்களுக்காக மன்னிப்புக் கேட்டார் என்பதையும் சேர்த்து வாசித்தால், சபையும் சாட்சியமும் இயல்பாகவே குணமாக்கும் என்ற நம்பிக்கை கொஞ்சம் அடக்கமாகிவிடும்.

சரி, திருகோணமலைக்கு வருவோம். 2012 கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தில் 100 பேரில் ஏறக்குறைய 40 பேர் முஸ்லிம்கள், 30 பேர் தமிழர், 27 பேர் சிங்களவர். வெளிநாட்டு வகுப்பறையில் இரு தரப்பு மோதல் என்று எழுதும் வரைபடம் இங்கே பொருந்தாது. 2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் 5 மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். குற்றம்சாட்டப்பட்ட விசேட அதிரடிப்படையினர் 13 பேரும் சாட்சி போதாதென்று 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டார்கள். அதே 2006 ஓகஸ்டில் மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் உள்ளூர்ப் பணியாளர் 17 பேர் கொல்லப்பட்டார்கள். அதற்கு இதுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. அந்த நாட்களில் மூதூர் முஸ்லிம்கள் கந்தளாய்ப் பக்கம் ஓடினார்கள். சம்பூர்த் தமிழர் ஊரைவிட்டுப் போய், கிளிவெட்டி போன்ற முகாம்களில் கிடந்து, 2015இலிருந்துதான் திரும்பி வந்தார்கள். நீதி என்றால் ஒருவருக்கு நீதிமன்றம், இன்னொருவருக்குக் காணி, இன்னொருவருக்கு எலும்பாவது கிடைத்தால் போதும். இந்த மூன்றையும் ஒரே சொல்லில் போட்டு மூடிவிட்டால் ஆய்வு தொடங்கும்போதே தவறிவிடும். 2005இல் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் வைத்த புத்தர் சிலையையும், 2018இல் ஒரு பெண்கள் பாடசாலையில் முஸ்லிம் ஆசிரியைகள் அணிந்த அபாயா என்ற நீண்ட அங்கியையும் சுற்றி எழுந்த கொதிப்பை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆசிரியை என்பதால் இரண்டாவதை என்னைவிடக் கூர்மையாக அறிவீர்கள்.

இந்த மூன்று சமூகங்களுக்கும் நடுவே கிறிஸ்தவர்களாகிய நாம் நடுவர் வேலைக்கு நம்மை நாமே நியமித்துக்கொள்கிறோம். எல்லோரோடும் பேசக்கூடியவர்கள், தமிழிலும் சிங்களத்திலும் சபை இருப்பவர்கள் என்ற காரணம் சொல்கிறோம். காரணம் உண்மைதான். ஆனால் இந்த ஊரில் நமக்கும் ஒரு பழைய கடன் இருக்கிறது. 1620களில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டு கோட்டை கட்டினான். இன்று பிரட்றிக் கோட்டை எனப்படும் அதன் வாசலைத் தாண்டித்தான் கோணேசரைக் கும்பிடப் போக வேண்டும். அது போர்த்துக்கேய அரசு செய்தது, எங்கள் மெதடிஸ்த சபை 1814இல்தான் இலங்கைக்கு வந்தது என்று நம்மவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். சைவ அயலவர் அந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை, பார்க்க வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. பிறகு வந்த மிஷன் பாடசாலைகள் ஆயிரக்கணக்கானோருக்கு, பெண்களுக்கும்கூட, எழுத்தறிவு கொடுத்தன. அதே பாடசாலைகளின் வழியாக ஆங்கிலமும் உத்தியோகமும் மதமாற்றமும் பின்னிக் கிடந்தன. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரும், கிழக்கில் சுவாமி விபுலானந்தரும் தங்கள் பிள்ளைகளுக்கென்று பாடசாலைகளுக்காகப் பாடுபட்டதை இந்தப் பின்னணியோடுதான் புரிந்துகொள்ள முடியும். கனடாவில் பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்த விடுதிப் பாடசாலைகளை நடத்தியது சபைகள்தான். கனடா ஐக்கிய திருச்சபை 1986இலும் 1998இலும் மன்னிப்புக் கேட்க வேண்டிவந்தது. நம் பாடசாலைகள் அந்த மாதிரி இல்லை, இரண்டையும் சமப்படுத்தவில்லை. அருட்பணியே ஒரு தரப்பாக இருந்திருக்கிறது என்பதை முகம்கொடுத்துப் படிக்க அந்த அனுபவம் உதவும் என்பதற்காகச் சொல்கிறேன். கோணேசர் மலையிலிருந்து தொடங்காத எந்த ஒப்புரவு ஆய்வையும் திருகோணமலைக் கிறிஸ்தவர் எழுதக்கூடாது என்றே நினைக்கிறேன்.

நம் சபைக்குக் காயமும் இருக்கிறது. 1984 டிசம்பரில் மன்னாரில் மெதடிஸ்தப் போதகர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம் கொல்லப்பட்டார். திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்த இயேசு சபைக் குரு யூஜின் ஹேபர், 1990 ஓகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டு, கூட வந்த தமிழ் இளைஞரோடு காணாமல் போனார். ஆகவே உங்கள் சித்தி காத்திருப்பது போல ஒரு சபையும் காத்திருக்கிறது. இந்த நாட்டில் ஒப்புரவுக்கு எனக்குப் பிடித்த முன்மாதிரி யார் என்றால், குருநாகல் அங்கிலிக்கன் ஆயராக இருந்த லக்ஷ்மன் விக்கிரமசிங்க. சிங்களவர். தமிழருக்கு எதிரான 1983 ஜூலை வன்முறைக்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் போய் மக்களைச் சந்தித்தார். திரும்பி வந்து, தமிழருக்கு நடந்தது ஒழுக்கக் குற்றம், சிங்களவர் வெட்கப்பட்டு ஒப்புக்கொள்ள வேண்டும் என்று தன் சொந்த மக்களுக்கே சொன்னார். அந்த ஒக்டோபரிலேயே இறந்துபோனார். அவர் தமிழரிடம் மன்னியுங்கள் என்று கேட்டுத் தொடங்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

எங்கே படிப்பது? உங்களிடம் இறையியல் பட்டம் இல்லை, அதுதான் நடைமுறைச் சிக்கல். இந்தியாவில் இறையியல் பட்டங்கள் வழங்கும் செராம்பூர் செனட்டின் கீழ் எம்.டிஎச். என்ற இறையியல் முதுகலை படிக்க பி.டி. என்ற இறையியல் இளங்கலைப் பட்டம் வேண்டும். அது இருந்தால் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரி, சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரி, மதுரை அரசரடி இறையியல் கல்லூரி மூன்றும் நல்ல இடங்கள். தலித் இறையியல் வளர்ந்த சூழல் அது, சபைக்குள்ளேயே இருக்கும் அநீதியைப் பேச அங்கே யாரும் கூச மாட்டார்கள். சாதியை விட்டுவிட்டு நம் தமிழ்ச் சபைகளில் நீதி பேச முடியுமா என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். உள்நாட்டில் பிலிமத்தலாவையிலுள்ள இலங்கை இறையியல் கல்லூரி 1963இலிருந்து சிங்கள, தமிழ் மாணவர்களை ஒரே வளவில் வைத்துப் படிப்பித்து வருகிறது. அடிப்படை இறையியலுக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தோன்றவில்லை. சமூகவியல் பட்டத்தோடு நேரே போவதென்றால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் சுலபம். டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் கீழுள்ள ஐரிஷ் ஒருமைப்பாட்டு இறையியல் பள்ளி பெல்பாஸ்டிலும் நீண்ட காலமாக ஒப்புரவைப் பற்றிக் கற்பித்து வந்தது. வட அயர்லாந்தின் 1998 சமாதான உடன்படிக்கைக்குப் பிறகும் சமூகங்களைப் பிரிக்கும் சுவர்கள் நிற்கும் நகரம் பெல்பாஸ்ட், நமக்குப் பேச நிறைய இருக்கும். அமெரிக்காவில் கிழக்கு மென்னோனைட் பல்கலைக்கழகம் நடைமுறைப் பயிற்சியில் வலுவானது. பிரித்தானியாவில் ஓராண்டு முதுகலைக்குச் செவனிங் புலமைப்பரிசில் விண்ணப்பிக்கலாம். அதற்கு இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், முடித்ததும் இலங்கைக்குத் திரும்பி இரண்டு வருடம் இங்கே இருக்க வேண்டும். கட்டணமும் பாடநெறியும் வருடா வருடம் மாறும், அந்தந்த இடத்திலேயே கேளுங்கள்.

பெயரைப் பார்த்துச் சேர வேண்டாம். யார் உங்கள் ஆய்வை மேற்பார்வை செய்வார் என்பதைப் பார்த்துச் சேருங்கள். ஒரு பக்கத்தில் உங்கள் கேள்வியை எழுதி அனுப்புங்கள். அதைப் படித்துவிட்டு எதிர்க்கேள்வி கேட்கிற பேராசிரியர் இருக்கும் இடம் நல்லது. இலங்கை மோதல் முக்கியமான தலைப்பு என்று பொதுவாகப் பாராட்டி மட்டும் எழுதுகிறவர் இருக்கும் இடத்தில் ஒரு வருடத்தை வீணாக்காதீர்கள்.

ஆய்வுக்கு வரும்போது ஒரு எச்சரிக்கை, இதை நான் என் மாணவர்கள் எல்லோரிடமும் சொல்வேன். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரிடம் ரெக்கோடரோடு போக வேண்டாம். 2010இல் நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழு, 2013இல் பரணகம ஆணைக்குழு, 2016இல் மக்கள் கருத்தறியும் செயலணி, அதே வருடச் சட்டத்தால் உருவான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் என்று ஒவ்வொன்றிடமும் ஒரே கதையைச் சொல்லிச் சொல்லிக் களைத்தவர்கள் அவர்கள். 2017இலிருந்து தெருவிலும் உட்கார்ந்து சொன்னார்கள். அவர்கள் சொன்னது அறிக்கைகளில் கிடக்கிறது. முதலில் அதை வாசியுங்கள். பிறகு கேள்வியை மறுபக்கம் திருப்பி, அவர்கள் சொன்னதைக் கேட்ட சபைகள் என்ன செய்தன என்று போதகர்களையும் குருமாரையும் ஆராயுங்கள். பிரசங்கங்கள், ஜெபக் குறிப்புகள், பாடசாலைகளிலும் சபைகளிலும் நடந்த கூட்டங்களின் முடிவுகள், இவற்றில் நல்ல ஆய்வேடு இருக்கிறது, யாரையும் திரும்பக் காயப்படுத்தவும் வேண்டாம். பேட்டி எடுக்க வேண்டிவந்தால் பெயரை எங்கும் எழுதாதீர்கள், ஒலிப்பதிவைப் போனில் வைத்துக்கொண்டு சுற்றாதீர்கள். இந்த நாட்டில் அது இன்னமும் அவர்களுக்கு ஆபத்தாகலாம்.

வேலை என்று பார்த்தால் அதிகம் இல்லை. சபைகள் இந்தப் பட்டத்துக்குச் சம்பளம் கூட்டித் தருவதில்லை, சமாதானத் திட்டங்களுக்கு வரும் நிதி வரும், நின்றுவிடும். ஆசிரியர் சேவையில் இந்தப் பட்டம் கணக்கில் எடுக்கப்படுமா என்று சேர முன்னரே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்டு வையுங்கள், லீவு விஷயத்தையும் வலயக் கல்வி அலுவலகத்தில் பேசி முடியுங்கள். ஆனால் மூன்று சமூகப் பிள்ளைகளும் நடமாடும் ஊரில் வரலாற்றையும் சமயத்தையும் பொறுப்போடு பேசத் தெரிந்த ஆசிரியை ஒருவர் இருப்பது சின்ன விஷயமில்லை. உங்கள் தற்போதைய வேலையையே நான் பயன் என்று எண்ணுவேன்.

விண்ணப்பம் போட இன்னும் பல மாதம் இருக்கிறது என்கிறீர்கள். அந்தக் காலத்தில் சிங்களம் வாசிக்கப் பழகுங்கள், பேச மட்டும் தெரிந்தால் போதாது. விக்கிரமசிங்க யாழ்ப்பாணம் போய்வந்து தன் மக்களுக்குச் சொன்னது போல, சேருவிலவிலும் கந்தளாயிலும் உள்ள சிங்களக் குடும்பங்கள் போரை எப்படி நினைவு வைத்திருக்கிறார்கள் என்பதை மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் கேட்டு, வந்து நம் ஆட்களுக்குச் சொல்லத் தமிழ்க் கிறிஸ்தவர் சிலராவது வேண்டும். அந்த ஒரு பக்கக் கேள்வியை எழுதி முடித்தால் இங்கேயே போடுங்கள், வாசித்துக் கருத்துச் சொல்கிறேன்.